யமிலாவின் போஹாஷா

உருகுவே நாட்டின் எல்லையில் இருக்கும் எங்கள் ரிவேராவில் கம்ப்யூட்டர் பாடம் திரையிலிருந்துதான் வரும். வியாழக்கிழமை காலையில் ஐந்தாம் வகுப்புச் சுவரில் அகுஸ்தினாவின் முகம் தெரியும். அவள் தலைநகர் மொன்தெவிதேயோவில் உட்கார்ந்தபடி பாடம் நடத்துவாள். வகுப்பாசிரியை சுல்மா தெச்சேரா, கேமராவில் படாத மூலையில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள்.

இருபது வருடமாகச் சாக்பீஸ் பிடித்த கை சுல்மாவுடையது. கம்ப்யூட்டர் என்றால் அவளுக்குக் கூச்சம். "டீச்சர், இது ஓடல" என்று யாராவது கூப்பிட்டால், "அணைச்சுப் போட்டுப் பாரு" என்பாள். அதற்குமேல் அவளிடம் மருந்து கிடையாது. பிள்ளைகள் விளையாடுமிடத்தில் அதையே சொல்லிச் சிரிப்பார்கள். "வயிறு வலிக்குதா? அணைச்சுப் போட்டுப் பாரு!"

ஜூலை விடுமுறைக்கு முன் முன்னேற்ற அறிக்கை வீட்டுக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டர் பாடத்துக்கு மதிப்பீடு எழுதுவது அகுஸ்தினா. ஒரு வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கத் தெரிகிறதா, தப்பு வந்தால் தானே தேடித் திருத்துகிறார்களா, செய்ததை இன்னொருவருக்கு விளக்க முடிகிறதா என்றெல்லாம் அவள் பார்ப்பாள். பிள்ளைகளை நேரில் தெரிந்தவள் சுல்மா என்பதால் இருவரும் பேசி முடிவுசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையில் அகுஸ்தினா பேசுவாள், சுல்மா தலையாட்டுவாள்.

அந்த வருடமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, யமிலா ஃபகுந்தெஸின் பெயர் வரும்வரை.

"சுல்மா, இந்தப் பொண்ணுக்கு என்ன எழுதறதுன்னே தெரியல. நீங்களே பாருங்க."

திரை முழுக்கக் கோணல்மாணலாகக் கிறுக்கல். ஓர் ஓரத்திலிருந்து ரோஜா நிறத்தில் ஒரு சின்ன உருவம் வந்தது. அதற்குக் கண், வாய், இரண்டு கால். இடமும் வலமுமாகத் தள்ளாடித் தள்ளாடி நடந்தது. அது போன இடமெல்லாம் கிறுக்கல் மறைந்தது. திரையின் விளிம்பைத் தொட்டதும் திரும்பிக்கொண்டு மறுபடியும் தள்ளாடியது. உருவத்தின் பெயரை அகுஸ்தினா எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"போராச்சா. குடிகாரி! பத்து வயசுப் பொண்ணு, ஒரு குடிகாரி நடந்து வந்து எல்லாத்தையும் இல்லாம ஆக்கறதா செஞ்சிருக்கா. வீட்ல யாராவது குடிக்கறாங்களோ? அம்மா எப்படி?"

அது குடிகாரி இல்லை, ரப்பர் என்று சுல்மாவுக்குத் தெரியும். பென்சில் எழுத்தை அழிக்கும் சாதாரண ரப்பர். எல்லைக்கோடு தெருவின் நடுவே ஓடும் ஊர் இது. ரொட்டி வாங்க பிரேசிலுக்குப் போய்விட்டுச் சுடச்சுடத் திரும்பிவிடலாம். வீட்டுப் பேச்சில் பாதி போர்த்துகீஸ். ரப்பருக்கு இங்கே எல்லோரும் சொல்வது 'போஹாஷா'. எழுதினால், தலைநகரத்து ஸ்பானிஷில் குடிகாரியைக் குறிக்கும் 'போராச்சா'வுக்கும் அதே எழுத்துகள்தான். ஒலி வேறு, பொருள் வேறு.

சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு நினைவு வந்தது தன் இரண்டாம் வகுப்பு. மொன்தெவிதேயோவிலிருந்து புதிதாக வந்த ஆசிரியையிடம் "போஹாஷா குடுங்க டீச்சர்" என்று கேட்டுவிட்டாள். "மனுஷங்க பேசற மாதிரிப் பேசு. இல்லன்னா வாயை மூடு" என்று ஆசிரியை அவளை அன்று முழுவதும் நிற்க வைத்தாள். அதற்குப் பிறகு பள்ளிக்குள் சுல்மாவின் வாயில் ஒரு போர்த்துகீஸ் சொல் வந்ததில்லை. எல்லைக்காரி என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி பேசுவது அவளுடைய பெருமை.

"அம்மாவைப் பத்தி எனக்கு அவ்வளவாத் தெரியாது" என்றாள் சுல்மா.

அறிக்கையில் அகுஸ்தினா எழுதினாள்: 'தேர்ந்தெடுத்த பொருள் (குடிகாரி) வயதுக்கு ஏற்றதல்ல. வீட்டுச் சூழல் குறித்துப் பெற்றோருடன் பேச வேண்டும்.' தரம், 'போதும்'. அதற்குக் கீழே சுல்மா கையெழுத்துப் போட்டாள்.

அறிக்கை வீட்டுக்குப் போன மறுநாள் மழை. யமிலாவின் அம்மா மிர்தா, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பள்ளிக்கு வந்துவிட்டாள். எல்லைச் சதுக்கத்தில் தோர்த்தா என்ற மாவுப் பண்டத்தைப் பொரித்து விற்பவள். மழை பெய்தால் ஊரே சூடான தோர்த்தா தேடும் என்பதால் அன்றைக்குத்தான் அவளுக்கு வியாபாரம். அதை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"சுல்மா, நான் குடிகாரியா?"

"யாரு மிர்தா அப்படிச் சொன்னது?"

"நீதான். கையெழுத்துப் போட்டிருக்கியே. நான் குடிக்கறது மாட்டே டீ ஒண்ணுதான். அதையும் சர்க்கரை போடாமக் குடிக்கறேன். பக்கத்து அடுப்புக்காரன், 'மிர்தா, இன்னைக்காவது நேரா நட'ங்கறான். ஊரே சிரிக்குது."

"மொன்தெவிதேயோக்காரிக்குப் புரியல. அவ தலைநகரத்துப் பொண்ணு..."

"அவளுக்குப் புரியல, சரி. உனக்கு?"

சுல்மா மேசை மேலிருந்த புத்தகங்களை அடுக்கினாள். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

"எம் பொண்ணு 'அது போஹாஷாம்மா, போஹாஷாம்மா'ன்னு ராத்திரி பூரா அழுதா. ரெண்டாங்கிளாஸ்ல நீயும் நானும் ஒரே போஹாஷாவ வெட்டி ஆளுக்குப் பாதி வச்சிருந்தோம். மறந்துட்டியா? உன்ன நிக்க வச்சப்போ நான் உன் பக்கத்துலதாண்டி உக்காந்திருந்தேன்."

மிர்தா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எண்ணெய் காயுது" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள். அவள் போன பிறகும் அறையில் எண்ணெய் வாசனை நின்றது. சுல்மா தன் வெள்ளை அங்கியின் பொத்தான்களைத் திருகிக்கொண்டே இருந்தாள். தனக்கு வந்த அதே அவமானத்தை எடுத்து அந்தக் குழந்தையின் கையில் கொடுத்திருக்கிறாள், கையெழுத்தும் போட்டு. ஓடிப்போய் மிர்தாவை நிறுத்த நினைத்தாள். ஆனால் போகவில்லை.

வியாழக்கிழமை அகுஸ்தினாவின் முகம் சுவரில் தெரிந்ததும், சுல்மா மூலையை விட்டு நகர்ந்து கேமராவுக்கு நேராக வந்து நின்றாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அகுஸ்தினா, யமிலாவோட மதிப்பீடு தப்பு. அந்தப் பேரை நீங்க வாசிச்ச விதம் தப்பு. அது போஹாஷா. எங்க ஊர்ல ரப்பருக்கு அதான் பேரு."

டீச்சர் வாயிலிருந்து அந்தச் சொல்லா! இரண்டு மூன்று பேர் களுக்கென்று சிரித்தார்கள். யமிலா தலையைத் தூக்கவில்லை.

"ரப்பரா?" என்றாள் அகுஸ்தினா. "அப்போ அது ஏன் தள்ளாடித் தள்ளாடிப் போகுது?"

கடைசி வரிசையிலிருந்து வாஷிங்டன் என்ற பையன் குரல் கொடுத்தான். "ரப்பரை இப்படியும் அப்படியுமாத்தானே தேய்ப்பாங்க? நீங்க நேரா ஒரே இழுப்பாவா இழுப்பீங்க?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அகுஸ்தினா சிரிக்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, யமிலா, என்னை மன்னிச்சுக்கோடா" என்றாள். பிறகு திரைக்கு இன்னும் கிட்டே வந்தாள். "சுல்மா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே? உங்களுக்கும் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். கவனிக்கவில்லை என்று சொல்லலாம். இரண்டுமே நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

"தெரியும். அன்னைக்கே தெரியும். உங்க முன்னாடி அந்த வார்த்தையைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"ஒரு ரப்பரைச் சொல்றதுக்கு எதுக்கு வெக்கம்?" அகுஸ்தினா உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குப் புரிந்திருந்தது.

"யமிலா, உன் வேலையை இன்னொரு தடவை போட்டுக் காட்டு. சரியா மதிப்பிடறேன்" என்றாள் அகுஸ்தினா.

யமிலா போட்டாள். திரையில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். கண் இல்லை, வாய் இல்லை, கால் இல்லை. பெயர் 'கோமா', தலைநகரில் ரப்பருக்கு அதுதான் பெயர். கட்டம் விறைப்பாக நேர்கோட்டில் போய்த் திரும்பியது. அது தொடாத இடத்தில் கிறுக்கல் அப்படியே கிடந்தது.

"பழசு எங்கே?"

"அழிச்சுட்டேன்."

தான் முன்பு பார்த்ததை வைத்தே அகுஸ்தினா புது அறிக்கை எழுதினாள். தரம், 'மிக நன்று'. விளிம்பைத் தாண்டி விழாமல் உருவத்தைத் திருப்பியது யமிலா தானே கண்டுபிடித்த வழி என்றும் சேர்த்தாள். குடும்பத்தைப் பற்றிய வரி போய்விட்டது. அதன் கீழே சுல்மா தன் பங்குக்கு ஒரு குறிப்பை முதலில் பென்சிலில் எழுதிப் பார்த்தாள். 'தான் நினைத்ததைத் தன் சொல்லில் செய்கிறாள்' என்று எழுத நினைத்தவள் பாதியில் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டாள்.

எல்லோரும் பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுல்மா வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள்.

"யமிலா, உன் போஹாஷாவக் கொஞ்சம் குடு."

யமிலா பென்சில் டப்பாவைத் திறந்து ரப்பரை எடுத்தாள். திரை அணைந்துவிட்டதா என்று சுவரை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, டீச்சருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகத் திருத்தினாள்.

"கோமா, டீச்சர்."

சுல்மா அதை வாங்கிக்கொண்டாள்.