வலது பக்க ஜன்னல்

டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவன் டிக்கெட் எழுதினால் மட்டும் போதாது. விமான ஜன்னலுக்கு வெளியே தெரியும் உலகத்துக்கும் அவன்தான் பொறுப்பு. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். எழுபதுகளில் நான் பாலக்காட்டில் அந்த வேலையில் இருந்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் கோயமுத்தூர் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். சீட் நம்பரும் அங்கேதான் தருவார்கள். எந்தப் பக்கம் ஜன்னல் கேட்க வேண்டும் என்று நான் சொல்லி அனுப்புவேன். கொச்சிக்குப் போகும்போது இடது பக்கம் மலை. வலது பக்கம் வயல்வெளியும் மலம்புழை அணையும். எனக்கு மனப்பாடம்.

தகரம்

ஆனைக்கரை ஏலக்காய் வியாபாரி ஒருவருக்கு மாமனார் வீடு பாலக்காட்டில். ஊர் திரும்பக் கொச்சி விமானத்தில் மலை தெரிகிற இடமாக வேண்டும் என்று கேட்டார். "இடது பக்கம், நடுவில் கேளுங்கள். ஆட்டம் இருக்காது" என்றேன். நடு ஜன்னலுக்கு நேர் கீழே இறக்கை இருக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த முறை வந்தபோது அவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்: "மலையப் பாக்கணும்னுதான் போனேன் தம்பி. ஒரு தகரத்தப் பாத்துக்கிட்டே போய்ச் சேந்தேன்."

அனுபவசாலி

அதற்குப் பிறகு, போய்வந்தவர்களையெல்லாம் பிடித்து விசாரித்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கல்பாத்தியிலிருந்து வந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரிடம் அதையெல்லாம் ஒப்பித்தேன். முன் வரிசை கேளுங்கள், இறக்கை மறைக்காது; காலை விமானத்தில் வலது பக்கம் வெயில் அடிக்காது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான் எத்தனை தடவை விமானம் ஏறியிருக்கிறேன் என்று கேட்டார். ஒரு தடவைகூட இல்லை என்று உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஏறாமலே இத்தனை தெரிஞ்சிருக்கே! ஏறியிருந்தா பைலட்டை எழுப்பிவிட்டு நீரே உக்காந்துண்டிருப்பீர், ஓய்!"

நூல் கட்டிய கை

வேலந்தாவளத்திலிருந்து பழனிச்சாமியும் அவர் மனைவி வள்ளியம்மாளும் வந்தார்கள். பம்பாயில் மகளுக்குத் தலைப்பிரசவம். மகள் பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அம்மா கொச்சி வழியாகப் பம்பாய் போக வேண்டியிருந்தது. கடலைக்காட்டையும் ஆறு மாட்டையும் விட்டு பழனிச்சாமியால் அசைய முடியாது. முப்பது வருஷத்தில் இருவரும் ஒரு நாள்கூடப் பிரிந்து இருந்ததில்லையாம். "ஏனுங்க, கொச்சிக்குப் போற ஏரோபிளான் எங்க காட்டு மேலதானுங்க போகுது. ஊட்டுல இருக்கற வேட்டியெல்லாம் விரிச்சுப்போட்டு நடுவுல நான் நிக்கறனுங்க. இவ கண்ணுக்குத் தெரியுங்களா?" என்றார். வள்ளியம்மாள் தலையே நிமிரவில்லை. கண் கலங்கியிருந்தது.

தெரியும் என்று அடித்துச் சொன்னேன். முன் வரிசை கேட்கச் சொன்னேன். பக்கம் வலது; ஆனால் அதை வாயால் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்குப் புரியட்டும் என்று என் வலது கையைத் தூக்கி, "இந்தப் பக்கம்" என்று காட்டினேன். வள்ளியம்மாள் மேஜையில் கிடந்த பார்சல் நூலில் ஒரு துண்டு எடுத்து, மறக்காமலிருக்க, என் கைக்கு நேர் எதிரே இருந்த கையில் கட்டிக்கொண்டார். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அது இடது கை.

விமானம் போன மறுநாள் பழனிச்சாமி ஒரு பை கடலையோடு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏத்திவுடப் போன பங்காளி பையன் சொன்னானுங்க, நூலு கட்டுன கைப்பக்கம்தான் வேணும்னு கேட்டு வாங்கிட்டாளாமுங்க, அந்த எடது கை. நேரா எங்க காட்டு மேலயே வந்துதுங்க. எப்படியும் பாத்திருப்பாளுங்க!" எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடலையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பேரன்

மூன்று மாதம் கழித்து வள்ளியம்மாள் வந்தார். பழனிச்சாமி எதிர்க்கடையில் டீ சொல்லிக்கொண்டிருந்தார். தாயும் பிள்ளையும் நலம் என்று கேட்டதும் நான் என் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "மலைதானுங்க தெரிஞ்சுது. ஆனா நல்லாப் பாத்தேன்னு காயிதம் எழுதச் சொல்லிட்டனுங்க. வெயில்ல அத்தன வேட்டிய விரிச்சுப் போட்டவருகிட்ட வேற என்னத்தச் சொல்றதுங்க? நீங்களும் சொல்லிராதீங்க. அடுத்த தடவ பேரனப் பாக்க ரெண்டு பேருத்துக்கும் சேத்தி டிக்கெட் போட்டுருங்க. அப்பறம் எந்தப் பக்கம் உக்காந்தாத்தான் என்னங்க?"

அன்றிலிருந்து யாருக்கு எந்தப் பக்கம் சொல்வதானாலும், மேஜையைச் சுற்றி வந்து அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொன்னேன்.