கொலை நடந்த வீட்டின் மொட்டை மாடி

பழைய சென்னையில் குற்றம் நடந்த இடங்களை நடந்தே சுற்றிக் காட்டுகிறார்கள் என்று செல்போனில் பார்த்ததும் நானும் தோழியும் பெயர் கொடுத்துவிட்டோம். இருவருக்கும் தேர்வாய் கண்டிகையில் ஒரே ஃபேக்டரியில் வேலை. ஞாயிறு காலை கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறியதிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மண்ணடியில் ஒரு குறுகிய சந்துக்குள் மாடி வீடு ஒன்றைக் காட்டி வழிகாட்டி சொன்னார்: "வெள்ளைக்காரன் காலத்துல இங்க ஒரு வைர வியாபாரியைக் கொன்னுட்டு, கொலைகாரன் மாடிக்கு மாடி தாவித் தப்பிச்சிட்டான்."

அந்த வீட்டு மாடி ஜன்னல் திறந்தது. ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "வாரா வாரம் எங்க ஊட்டைப் பார்த்து இன்னா பேசிக்கினு கீறீங்க?"

வழிகாட்டி மெல்ல நகரப் பார்த்தார். தோழி சும்மா இருப்பாளா? "ஆன்ட்டி, உங்க ஊட்ல கொலை நடந்துச்சாம்!"

திட்டப்போகிறார் என்று பயந்தேன். ஆனால் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நெஜமாவா? மேல வந்து முழுசா சொல்லுங்க!"

வழிகாட்டியே அந்த வீட்டுக்குள் போனதில்லையாம். எங்களுக்கு முன்னால் படியேறி ஓடினார். மேலே போனால், பக்கத்து மொட்டை மாடி கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே இருந்தது. கொலைகாரன் தாவித் தப்பித்த கதையை வழிகாட்டி அந்த அம்மாவுக்குச் சொன்னார்.

"இதுக்கு இன்னாத்துக்குத் தாவணும்? துணி காயப்போட நாங்க இப்படித்தான் போவோம்" என்று அந்த அம்மா ஒரு எட்டில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

நானும் தாண்டினேன். "தப்பிச்சிட்டேன்!" என்று கத்தினேன். "புடிங்க அவளை!" என்று கூவிக்கொண்டே தோழி என் பின்னால் தாண்டி ஓடி வந்தாள்.