பாஸான கட்டிகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'உடைக்கிற அக்கா' என்று பெயர். கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகின்றன என்று எழுதிவைப்பதுதான் பதினொரு வருடமாக வேலை. வீட்டில் ஒரு தட்டுகூட அவள் கையால் உடைந்ததில்லை. ஆத்திரத்தையெல்லாம் ஆபீசிலேயே தீர்த்துக்கொண்டு வருகிறாள் என்பான் கணவன்.

இன்றைக்கு உடைக்க மூன்று கட்டிகள் இருந்தன. மூன்றும் ஒரு பள்ளிக்கூடத்து மாடி வராந்தாவுக்கானவை. தளம் போட்டது கொத்தனாரான அவள் தம்பி. அவன் தனியாக எடுத்த முதல் ஒப்பந்தம் அது, இரும்பு நார் கலந்த கான்கிரீட்டும் அவனுக்குப் புதுசு.

நாலு வாரம் முன்பு தளம் போட்ட அன்று, முதல் கலவை வந்ததுமே அதிலிருந்து அள்ளி இந்தக் கட்டிகளுக்கான அச்சுகளை அவள் நிரப்பிவிட்டாள். அப்புறம்தான் தம்பி வந்து நின்றான்.

"அக்கா, நார் துருத்திக்கிட்டு கையைக் கிழிக்குது. கலவைக்கு ரெண்டு சட்டி மணல் கூடப் போட்டுக்கறேன், வழுவழுன்னு வரும்."

கொத்தனார்கள் வழக்கமாகச் செய்வதுதான். கொஞ்சம் மணல் கூடினால் நாரும் உருண்டை கட்டாமல் பிரியும்.

"ரெண்டுக்கு மேல போடாதே," என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். நின்று பார்த்திருக்க வேண்டும்.

மணல் மிஞ்சினால் தண்ணீர் அதிகம் கேட்கும், காயும்போது சுருங்கி வெடிக்கும், பலமும் இறங்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். போன வாரம் போய்ப் பார்த்தால், இழுத்துப் பிடிக்க நார் இருந்தும் தளமெங்கும் மயிரிழை வெடிப்பு. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இயந்திரத்தின் முள் முப்பதைத் தொட்டால் போதும், கட்டி பாஸ். முதல் கட்டி முப்பத்தெட்டில் உடைந்தது. மற்ற இரண்டும் அதே கதைதான்.

"தம்பி தப்பிச்சான் போங்க," என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

அவள் பதிவேட்டைத் திறக்கவில்லை. இந்தக் கட்டிகளில் அந்த மணல் ஒரு பிடிகூட இல்லை. பாஸ் என்று எழுதினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை, திங்கட்கிழமை பிள்ளைகள் அந்த வராந்தாவில் ஓடும். உண்மையைச் சொன்னால், மணலுக்குச் சம்மதித்த தன் வேலையும் போகலாம்.

தம்பிக்கு போன் போட்டாள்.

"பாஸாக்கா?"

"கட்டி பாஸ். ஆனா அது மணல் சேர்க்கறதுக்கு முன்னாடி எடுத்ததுடா. தளத்துலயே துளை போட்டு ஒரு துண்டு எடுத்து உடைச்சுப் பார்க்கணும்னு இன்ஜினியர்கிட்ட சொல்லப் போறேன்."

"சொன்னா அப்புறம் எனக்கு எவன்க்கா வேலை குடுப்பான்?"

"தெரியும். எத்தனை சட்டி போட்டே? ரெண்டுதானே?"

தம்பியின் குரல் தாழ்ந்தது.

"ஆறு வரைக்கும் எண்ணினேன்," என்றான். "அப்புறம் எண்ணலைக்கா."