ஒட்டகத்தின் பின்பக்கம்

கல்யாணமான முதல் வருஷத்தில் எனக்கு ஸ்டாம்ப் பைத்தியம் பிடித்தது. அரியலூரில் ஆபீஸ் வேலை, சின்ன வாடகை வீடு, கையில் கொஞ்சம் சொந்தக் காசு. ஆபீஸுக்கு வரும் உறைகளில் தொடங்கிய ஆசை ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்ததும் முற்றிவிட்டது. நூறு நாடு, நூறு ஸ்டாம்ப் என்று போட்டிருந்தான். மணியார்டர் அனுப்பினேன். வந்த பொட்டலத்தில் பதினொரு நாடுதான் தேறியது. ஒரே குதிரை பதினாறு தடவை வந்திருந்தது. பாவி, நன்றாக ஏமாற்றிவிட்டான். அப்போதும் நான் அடங்கவில்லை. பதினாறையும் கோந்து தடவி நோட்டில் அழுத்தி ஒட்டினேன்.

என் மனைவி திருமானூர்க்காரி. கத்தரிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கை நிற்காது. குதிரைகளை எண்ணிப் பார்த்துச் சிரித்தவள், ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். இன்னொரு தடவை ஏமாந்தால் நோட்டு பரண் மேல் போய்விடும், பிறகு இறங்காது. சொன்னால் செய்கிறவள்.

அப்புறம் கொஞ்சம் ஒழுங்காகச் சேர்த்தேன். வெள்ளைக்கார ராஜா காலத்து ஸ்டாம்புத் தொடர் ஒன்றில், ராஜா முகத்தோடு, தபால் எதிலெல்லாம் போனது என்று படம் போட்டிருக்கும். ஓடுகிற தபால்காரர், மாட்டுவண்டி, ரயில், கப்பல் எல்லாம் கிடைத்துவிட்டன. ஒட்டகம் மட்டும் கண்ணில் படவேயில்லை. கனவில்கூட ஒட்டகம் வந்தது என்றால் நம்புங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முந்திரி வாங்க ஜெயங்கொண்டம் போயிருந்தோம். பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒருவர் சாக்கு விரித்துப் பழைய நாணயங்களும் ஸ்டாம்புகளும் பரப்பியிருந்தார். நடுவில், கண்ணாடித்தாளுக்குள், என் ஒட்டகம்! நீலம் மங்கவில்லை, ஓரத்துப் பல் ஒன்றுகூட உடையவில்லை. நூற்றைம்பது ரூபாய் என்றார். பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை. பணத்தை வெளியே எடுத்துவிட்டேன்.

"இருங்க," என்று மனைவி என் கையைப் பிடித்தாள். "அண்ணே, அத வெளிய எடுங்க. பின்னாடி பாக்கணும்."

எனக்கு எரிச்சல். ஸ்டாம்புக்குப் பின்னால் என்ன இருக்கப் போகிறது? வாங்கியதும் ஒட்டிவிடுகிறவன், நான் எந்த ஸ்டாம்பின் முதுகைப் பார்த்திருக்கிறேன்? எடுத்தால் கெட்டுவிடும் என்று அவரும் இழுத்தார். இவள் நகரவில்லை. கடைசியில் எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஒட்டகத்தின் குறுக்கே நீளமாக ஒரு கிழிசல். அது தெரியாமல் இருக்கப் பின்னால் மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. கடைக்காரர் நாணயங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் அவரோடு சண்டை போடவில்லை. பக்கத்தில் இருந்த தகர டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டு, உறைகளிலிருந்து நனைத்துப் பிரித்தெடுத்த பழைய ஸ்டாம்புகளைக் கத்தரிக்காய் மாதிரியே திருப்பித் திருப்பிப் போட்டாள். கால் மணி நேரம் கழித்து ஒன்றை நீட்டினாள். ராஜா முகமெல்லாம் முத்திரைக் கறுப்பு. ஆனால் ஒட்டகம் முழுசாக இருந்தது, கிழிசல் இல்லை, ஒட்டு இல்லை. ஐந்து ரூபாய். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

பஸ்ஸில் நோட்டின் கதியை மெதுவாக விசாரித்தேன். பணம் கைமாறவில்லை, அதனால் ஏமாந்ததாகச் சேராது என்றாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வாய் நீண்டது. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் எதையும் ஆராயவில்லை, தலையைக்கூட நிமிர்த்தவில்லை, அப்படியும் நல்லதாகத்தானே அமைந்தது என்று பீற்றிக்கொண்டேன்.

"நீங்க பாக்கல. நான் பாத்தேன். எங்க மாமாவ அனுப்பி, உங்க ஆபீஸ், டீக்கடை, நீங்க குடியிருந்த வூடு, எல்லா எடத்துலயும் விசாரிச்சுட்டுத்தான் சரின்னு சொன்னேன்."

என்ன சொன்னார்களாம் என்று கேட்டேன்.

முந்திரிப் பையை மடியில் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது, கடைக்காரன் சொன்ன வெலைய அப்படியே குடுத்துட்டு வந்துருவாருன்னாங்க. சரி, அத நாம பாத்துக்கலாம்னு நெனச்சேன்."