சதுர விளக்கு வைத்த கார்

கோவையில் பழைய கார் கண்காட்சி. வட்ட விளக்கு வைத்த ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றி ஒரே கூட்டம். அதற்கு அடுத்து வந்த சதுர விளக்கு மாடல் மூலையில் தனியாக நின்றது. அருகே போனதும் வெயிலில் காய்ந்த தோல் சீட்டின் வாசனை வந்தது.

தொண்ணூறுகளில் என் மாமாவிடம் அதே மாடல் இருந்தது. அதன் முகம் யாருக்கும் பிடிக்காததால்தான் மலிவாக அவர் கைக்கு வந்தது. "ஓட்டம் அருமையா இருக்குமுங்க" என்பார். யாரும் காதில் வாங்கவில்லை.

அதில்தான் உடுமலைக்குப் பெண் பார்க்கப் போனார். பட்டுப்பாவாடை கசங்க, சீட்டுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் நான். பொள்ளாச்சி தாண்டியதும் தென்னை நிழல்கள் எங்கள்மேல் வழுக்கிக்கொண்டே போயின. வண்டி தரையில் ஓடுவதாகவே தெரியவில்லை.

"வண்டி தவளையாட்ட இருக்குதுங்க மாப்ள" என்று பெண்ணின் அப்பா சிரித்தார். மாமாவின் முகம் வாடிவிட்டது. காபி கொண்டுவந்த பெண் தட்டை வைத்துவிட்டு நேராக வாசலுக்குப் போய்க் காரைச் சுற்றிப் பார்த்தார்.

"நான் ஓட்டிப் பாக்கலாமுங்களா?"

மாமா சாவியை நீட்டினார். ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணின் கூந்தலெல்லாம் கலைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

கண்காட்சியில் பக்கத்தில் நின்ற இளைஞர், "இந்த மாடல் யாருக்குமே பிடிக்கலீங்களாமா" என்றார்.

"எங்க அத்தைக்கு ரொம்பப் பிடிக்குமுங்க" என்றேன்.