சுரங்க வாசலில் வெள்ளை ஷூ

ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்துப் பிடித்து வேலிக்கம்பத்தில் ஓங்கி அடிக்கிறாள் எர்மெலிந்தா. "உள்ள பூரான் குடியிருக்கும். காலி பண்ணச் சொன்னா கடிக்கும்" என்பாள். அடித்த பிறகுதான் அது சுரங்கம் பார்க்க வந்தவர் காலில் ஏறும். அவர்கள் கழற்றும் செருப்பை, முன்பக்கம் வெளியே பார்க்கும்படி பலகையில் வரிசையாக வைப்பாள். வைக்கும்போதே ஜாதகமும் சொல்லிவிடுவாள்: "குதிகால் ஒரு பக்கமா தேய்ஞ்சிருக்கு பாரு, வீட்ல பொண்டாட்டி பேச்சுதான் நடக்கும்."

எர்மெலிந்தா என் நாத்தனார். சாந்தா குரூஸ் தீவின் மேட்டில் என் மாமனார் விட்டுப்போன மாட்டுப்பண்ணையின் அடியில், எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. ரயிலே போகலாம், அவ்வளவு அகலம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் வயிற்றால் ஊர வேண்டும். உள்ளே போனவர்களை அவள் எண்ணுவதில்லை. "மூஞ்சி மறந்துபோகும். செருப்பு பொய் சொல்லாது." பலகை காலியானால்தான் விளக்கை அணைப்பாள்.

சென்ற வாரம் குடும்பத்தோடு இறங்கினோம். என் கணவர் ரமீரோவுக்குத் தலைநகர் கீத்தோவில் இதய அறுவை முடிந்து இதுதான் முதல் பயணம். காலில் புத்தம்புது வெள்ளை ஷூ. பூட்ஸை நீட்டும்போதே அக்காக்காரி எச்சரித்தாள்.

"ஊர்ற எடம் வந்ததும் திரும்பிடணும், தம்பி."

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருக்கா."

"நடக்கத்தான சொன்னாரு? பல்லியாகச் சொன்னாரா?"

அவர் பாதியில் திரும்பிவிட்டார். நானும் மகளும் ஊர்ந்து மறுவாசலில் ஏறி, தூறலில் புல்வெளியைச் சுற்றி வந்தோம். எர்மெலிந்தா எங்களுக்காகக் காபி வைக்க அடுக்களைக்குப் போயிருந்தவள் அப்போதுதான் வந்தாள். எங்கள் செருப்புகளை எடுத்துக் கொடுத்தாள். பலகையில் வெள்ளை ஷூ மட்டும் மிஞ்சியது.

அப்படியானால் ரமீரோ இன்னும் உள்ளேதான். எர்மெலிந்தா செருப்பை உதறிவிட்டு, அந்தக் கரடுமுரடான கல்லில் வெறுங்காலோடு உள்ளே ஓடினாள். "ரமீரோ! டேய்!" என்ற குரல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

கொய்யா மரங்களுக்குப் பின்னாலிருந்து, சட்டை மடியில் பழங்களோடு ரமீரோ வந்தார். நான் சுரங்கத்துக்குள் தலையை விட்டுக் கத்தினேன். முழங்கால் சிராய்ந்து, மூச்சிரைக்க எர்மெலிந்தா ஏறி வந்தாள்.

"எங்கடா போன?"

"மாட்டைப் பாக்க."

"ஷூ?"

அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். பண்ணையில் பூட்ஸிலேயே வளர்ந்த கால்; மாற்றத் தோன்றவே இல்லை.

"போட்டுட்டுதானே இருக்கேன்?"

"அறுத்துத் தெச்ச நெஞ்ச வெச்சிக்கிட்டு என்னைச் சாவடிக்கப் பாத்தியேடா, கழுத!"

"செருப்பு பொய் சொல்லாதுன்னியே, அக்கா?"

அவள் அவரைப் பலகையில் உட்காரவைத்து, பூட்ஸை இழுத்துக் கழற்றி, வெள்ளை ஷூவைத் தானே மாட்டிவிட்டாள். பிறகு இரண்டு ஷூவின் கயிற்றையும் ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, காபி எடுத்துவர அடுக்களைக்குப் போனாள்.