மணியோடு எரியும் விளக்கு

பேகம்பூரில் ஆரிபாவுக்குத் திமிர் பிடித்தவள் என்று ஒரு பேர் உண்டு. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கடையில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் பொருளை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவாள். "மில்லுல வேல பாத்தவல்ல, அந்த மெதப்பு இன்னும் எறங்கல" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவாள்.

மிதப்பு ஒன்றும் இல்லை. ஆரிபாவுக்குக் காது கேட்காது. பள்ளிவாசலில் பாங்கு சொல்வது மட்டும் எங்கோ லாரி போகிற மாதிரி லேசாக உறுமும். மற்றதெல்லாம் அவள் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். இது புருஷன் அப்துல் ஹக்கீமுக்குத் தெரியும், மகள் நர்கீஸுக்குத் தெரியும், கூட வேலை பார்த்த டெய்சிக்குத் தெரியும். நாலாவது ஆளுக்குச் சொன்னதில்லை. காது கேட்காதவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

காதைத் தின்றது மில்தான். குஜிலியம்பாறை ரோட்டில் இருந்த அந்த நூல் மில்லுக்கு அவள் பத்தொன்பது வயதில் வேலைக்குப் போனாள். நூற்பு ஹாலில் மெஷின்கள் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைப்பார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன கொண்டுவந்தாய் என்று நாலு மெஷின் தள்ளி நிற்கிற ரூபி, "என்ன வெஞ்சனம்?" என்பாள். "கத்தரிக்கா" என்பாள் ஆரிபா. சண்டையும் அப்படித்தான், சமாதானமும் அப்படித்தான். சூப்பர்வைசர் வந்து நின்று முறைத்தால், அவர் முகத்துக்கு நேராகவே அவருடைய தொப்பையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அவருக்கு அந்தப் பேச்சு பிடிபடாது. வேலைக்குச் சேர்ந்த ஒரு வருஷத்தில் எல்லாப் பெண்களுக்கும் அது பழகிவிடும். காது போவது பல வருஷம் கழித்துத்தான் தெரியவரும்.

ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனபோது கேட் பூட்டியிருந்தது. மறுநாளும் பூட்டியிருந்தது. அப்புறம் திறக்கவே இல்லை. மில்லுக்கு எதிரே இருந்த டீக்கடை போயிற்று, சைக்கிள் கடை போயிற்று. இளவட்டங்கள் திருப்பூர் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் மட்டும் விடாமல் "மில் ஸ்டாப், மில் ஸ்டாப்" என்று கத்திக்கொண்டிருந்தார். இறங்கத்தான் ஆள் இல்லை.

அதே காலத்தில் ஹக்கீம் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பும் படுத்துவிட்டது. அவர் காய்கறி மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனார். ஆரிபா ஒரு பிரியாணிக் கடையில் சின்ன வெங்காயம் உரித்தாள். ஒருநாள் பின்னால் கொதிக்கக் கொதிக்க ஒரு தேக்சாவைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேர், "வழி, வழி" என்று வந்திருக்கிறார்கள். அவள் நகரவில்லை. தேக்சா சாய்ந்து குழம்பு ஒருவர் காலில் கொட்டிவிட்டது. "செவுடா நீ?" என்று மாஸ்டர் கேட்டது அவர் உதட்டில் நன்றாகத் தெரிந்தது. ஆரிபா கையைக் கழுவிவிட்டு வந்தவள்தான், திரும்பப் போகவில்லை. நிலக்கோட்டையிலிருந்து வருகிற மல்லிகையை வீட்டில் உட்கார்ந்து கட்டிக் கொடுத்தாள். அந்த வேலைக்குக் காது தேவைப்படவில்லை. ஆனால் அந்த வருமானம் வீட்டுக்குப் போதவில்லை.

இந்த வருஷம் நர்கீஸ் பிளஸ் டூ முடித்தாள். காலேஜில் இடமும் கிடைத்தது. அப்போதுதான் ஹக்கீம் மெல்ல ஆரம்பித்தார், வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஹாஸ்டலோடு வேலை கொடுக்கிறார்களாம் என்று.

"நான் போறேன்மா. ரெண்டு வருசம் பாத்துட்டு அப்பறம் படிக்கிறேன்" என்றாள் நர்கீஸ்.

"மில்லுக்கு இந்த வீட்டுல இருந்து குடுத்த காது போதும்" என்றாள் ஆரிபா. காலேஜில் சேரக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் டெய்சி ஓடிவந்தாள்.

"அக்கா, நம்ம மில்லத் தொறக்குறாங்க!"

"பைத்தியமா உனக்கு?"

"நூல் மில்லு இல்லக்கா. பனியன் கம்பெனி. திருப்பூர்க்காரங்க எடுத்திருக்காங்க. நம்ம ஹால்லதான் தையல் மெஷின் போட்டிருக்காங்க. பொம்பளையாளு நெறைய வேணுமாம். திங்கக்கெழம இன்டர்வியூ."

"என் காத என்ன செய்றது?"

"நேருக்கு நேர் உக்காந்து பேசப்போறாங்க. உதட்டப் பாத்துப் பதில் சொல்லப்போற. இம்புட்டு நாள் ஊரையே ஏமாத்துன, செத்த நேரம் அவங்கள ஏமாத்த முடியாதா?"

நர்கீஸ் சிரித்துவிட்டாள். "அம்மா, கேள்வி கேட்டா தலைய மட்டும் ஆட்டிராத. நீ எல்லாத்துக்கும் தலையாட்டுவ."

திங்கட்கிழமை மில் ஸ்டாப்பில் பஸ் நின்றபோது ஒரு கூட்டமே இறங்கியது. எல்லாம் பழைய முகங்கள். மரியசெல்வி வந்திருந்தாள். ரூபி வந்திருந்தாள், முடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு. ஹாலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். ஆனால் மேலே இரும்புச் சட்டத்தில் பழைய பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபேன் போட்டால் தூசி பொலபொலவென்று உதிர்ந்தது.

அந்தத் தூசிதான் காரியத்தைக் கெடுத்தது. ஆள் எடுக்க வந்திருந்த பவித்ரா என்ற பெண் முகத்தில் மாஸ்க் போட்டிருந்தாள்.

ஆரிபாவுக்கு அவள் உதடு தெரியவில்லை. மாஸ்க் துணி அசைகிறது, அவ்வளவுதான். எழுந்து போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் டெய்சியைக் கூப்பிட்டார்கள். அவளை எடுத்தும் கொண்டார்கள். டெய்சி வெளியே போகவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த தண்ணீர் கேனிடம் போய், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆரிபாவைப் பார்த்து நின்றாள். அவள் உதடு அசைந்தது: 'என்னயப் பாரு. நான் சொல்றேன்.'

ஆரிபா போய் உட்கார்ந்தாள்.

மாஸ்க் அசைந்தது. பின்னால் டெய்சியின் உதடு சொன்னது: 'பேரு?'

ஆரிபா பேரைச் சொன்னாள்.

'எம்புட்டு வருசம் வேல பாத்த?'

சொன்னாள். கணக்குத் தப்பாமல், நிதானமாகச் சொன்னாள். பவித்ரா அவளையே பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். டெய்சி தன் தொண்டையைக் கையால் பிடித்துக்காட்டினாள். 'சத்தம்! அக்கா, சத்தமே வரல!'

அப்போதுதான் ஆரிபாவுக்கு விளங்கியது. அதே ஹால், எதிரே டெய்சி, பேசுவது உதட்டில். உடம்புக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. இவ்வளவு நேரமும் அவள் குரலே இல்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பவித்ரா திரும்பிப் பார்த்தாள். டெய்சி டம்ளரும் கையுமாக மாட்டிக்கொண்டாள்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. ஆரிபா எழுந்து நின்றாள்.

"எனக்குக் காது கேக்காதும்மா." குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது, ஹால் முழுக்க அடித்தது. "இந்த ஹால்லதான் போச்சு. மூஞ்சியப் பாத்தா எல்லாம் புரியும். நீங்க அதக் கழட்டுனா போதும்."

பவித்ரா மாஸ்க்கைக் கழற்றினாள். சின்னப் பெண்ணாக இருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. இங்க தீப்புடிச்சா மணி அடிப்போமுங்க. உங்களுக்குக் கேக்காதே. ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்னங்க பதில் சொல்றது?"

"எல்லாரும் எந்திரிச்சு ஓடுவாங்கல்ல? கண்ணு நல்லாத்தான் தெரியுது."

பவித்ரா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. யோசித்தபடி வரிசையைப் பார்த்துக் கேட்டாள். "வேற யாருக்குங்க காது சரியாக் கேக்காது? கைய மட்டும் தூக்குங்க."

யாரும் அசையவில்லை. யாருக்கெல்லாம் கேட்காது என்று ஆரிபாவுக்குத் தெரியும். ரூபிக்கு இவளைவிட மோசம். ரூபி தலையைக் குனிந்து, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு எதையோ தேடினாள். பவித்ராவின் பார்வை தன் கண்ணைத் தொடர்ந்து அங்கே போய்விடக் கூடாது என்று ஆரிபா சட்டென்று சுவரைப் பார்த்தாள். ரூபிக்கும் ஒரு வீடு இருக்கிறது.

மரியசெல்வி கையைத் தூக்கினாள். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து இன்னொரு கை. அவ்வளவுதான்.

"மேல கேட்டுச் சொல்றேனுங்க" என்றாள் பவித்ரா.

ரூபியை அன்றைக்கே டெய்லராக எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஆரிபா பூக் கட்ட உட்கார்ந்தாள். நர்கீஸ் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்கும்படி திரும்பிச் சொன்னாள். "ஏம்மா சொன்ன? வேற ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருக்கலாம்ல?"

"பிரியாணிக் கடையில ஒருத்தன் கால் வெந்துச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

நாள் போய்க்கொண்டே இருந்தது. ஹக்கீம் வேடசந்தூர் மில் ஆளின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். காலேஜ் கடைசித் தேதிக்கு முந்தின நாள் நர்கீஸின் போனுக்கு மெசேஜ் வந்தது. படித்துவிட்டு அவள் அம்மாவின் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"எடுத்திருக்காங்க. ஆனா டெய்லர் இல்ல. பிசிறு வெட்டுற வேலையாம். சம்பளம் கம்மிதான்."

"உன் காலேஜுக்கு ஆகுமா?"

"பஸ்ல போயிட்டு வந்தா ஆகும்."

"அப்பப் போ."

ஹக்கீம் எழுந்து வெளியே போனார். போகும்போது அந்த நம்பர் எழுதிய தாளைக் கசக்கி எறிந்தார்.

முதல் நாள் ஆரிபாவையும் மரியசெல்வியையும் ஹாலின் ஓரத்தில் ஒரு மேஜையில் உட்காரவைத்தார்கள். அன்றைக்குக் கடைசி பெஞ்சில் கை தூக்கியவளைக் காணவில்லை. தைத்து வரும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும். பழைய பஞ்சு ஒட்டியிருந்த இரும்புச் சட்டத்தைத் துடைத்து, அதில் பெரிதாக ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருந்தார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் அதுவும் எரியும் என்று பவித்ரா நேரில் வந்து, முகத்துக்கு எதிரே நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆரிபா வேலை பார்த்தபடி டெய்லர்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். ரூபி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். காலையில் கேட்டில் பார்த்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாள்.

மதியம் சாப்பாட்டு மணியோடு பல்பு எரிந்தது.

மணி கேட்டவர்கள் கையில் இருந்த துணியைத் தைத்து முடித்துவிட்டுச் சாவகாசமாக எழுந்தார்கள். ஆனால் எரிந்த அந்த நொடியிலேயே மூன்று தலைகள் சட்டென்று மேலே நிமிர்ந்தன. ஒன்று மரியசெல்வி. மற்ற ரெண்டும் டெய்லர் வரிசையில் இருந்தன. அதில் ஒன்று ரூபி.

பல்பிலிருந்து கண்ணை இறக்கியபோது ரூபி ஆரிபாவைப் பார்த்தாள். ஆரிபா பார்த்துவிட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவ்வளவு பேருக்கு நடுவில் அவள் உதடு மட்டும் அசைந்தது.

'என்ன வெஞ்சனம்?'

ஆரிபா கத்தரியை மேஜையில் வைத்தாள். மடியில் கிடந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த காலி ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டாள்.

'வந்து பாரு' என்றாள், குரல் இல்லாமல்.